சின்ன டிரக்டரின் பின் சில்லை அகட்டலாமா? உள்பக்கம் ஒயிலும் கசிகிறது

குச்சவெளி வெங்காயம்:
வணக்கம். ஜப்பானில் இருந்து வந்த பழைய சின்ன டிரக்டர் ஒன்று வைத்திருக்கிறேன், நாலு சில்லும் இழுக்கும். வெங்காயம், கச்சான் போடும் மேட்டுக்காணியில் நன்றாக ஓடுகிறது. தம்பலகாமத்தில் மாமாவின் வயலுக்குக் கொண்டுபோனால்தான் கரைச்சல். வரம்பு ஏறி இறங்கும்போது ஒருபக்கமாகச் சரிகிறது, நெஞ்சு பக்கென்று போகும். பின் சில்லு இரண்டுக்கும் 3 அங்குல இரும்பு வளையம் கடைந்து போட்டால் சரி என்கிறார்கள். போடலாமா? இடது பின் சில்லின் உள்பக்கம் ஒயில் வடிந்து, புழுதியோடு சேர்ந்து கறுப்பாக அப்பியும் கிடக்கிறது.

கிண்ணியா பட்டறை:
தம்பி, வளையத்தை விடுங்கள். முதலில் ரிம்மைப் பாருங்கள். பெரும்பாலும் நடுத்தட்டு, அதாவது நட்டுப் போட்டு அக்சிலில் பூட்டும் தட்டு, ரிம்மின் நட்டநடுவில் இருக்காது, ஒருபக்கமாகத் தள்ளி இருக்கும். இப்போது அது வெளிப்பக்கமாகத் தள்ளி இருந்தால், சில்லைத் திருப்பிப் போட்டாலே அகலம் கூடும். தட்டு 2 அங்குலம் தள்ளி இருந்தால், திருப்பியதும் ஒருபக்கம் 4, மொத்தம் 8 அங்குலம். காசு செலவில்லை.

ஆனால் இடதை இடதிலேயே திருப்பினால் ரயர் பல்லு தலைகீழாகிவிடும், சேற்றில் பிடிக்காது. இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றுங்கள். பின்னால் நின்று ரயரின் மேல்பக்கத்தைப் பார்த்தால் பல்லின் கூர் முன்னுக்கு இருக்க வேண்டும். நட்டின் கூம்பு உட்காரும் பள்ளம் தட்டின் இரண்டு பக்கமும் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒருபக்கம் மட்டும் என்றால் திருப்ப வேண்டாம், நட்டு இறுகியதுபோல் இருந்து பிறகு கழரும். ஒரு மணித்தியாலம் உழுததும் எல்லா நட்டையும் இன்னொருக்கா இறுக்குங்கள்.

முன் சில்லைத் தொடாதீர்கள். நாலு சில்லும் இழுக்கும் மெஷினில் முன் அக்சிலுக்குள் கியர் இருக்கிறது. வெளியே தள்ளத் தள்ள பாரம் அந்தக் கியருக்கும் பெயாரிங்குக்கும்தான் போகும்.

மூதூர் வயல்காரன்:
அண்ணன் சொன்னது சரி. ஆனால் பின்னால் பூட்டி மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். சில்லு அதைவிட வெளியே போனால் சில்லுத்தடம் உழாமல் கிடக்கும், பிறகு புல்லு அங்கேதான் முளைக்கும். இன்னொன்று, சில்லை அகட்டினால் பக்கவாட்டுச் சரிவு குறையும், முன்பக்கம் தூக்குவது குறையாது. பின்னால் பாரத்தோடு வரம்பில் முன்னுக்கு ஏறினால் மூக்கு எழும்பும். நான் வரம்பை வெட்டிச் சரித்து நேராக ஏறுவேன், உயரமாக இருந்தால் றிவேசில். குறுக்காக ஒருபோதும் ஏறுவதில்லை. பழைய மெஷினில், கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் தலைக்கு மேல் கம்பியும் இல்லையே.

கிண்ணியா பட்டறை:
ஒயில் விஷயம். சில்லைக் கழற்றும்போதே பாருங்கள். அக்சில் வெளியே வரும் இடத்தில் நைலோன் நூல், வைக்கோல் சுற்றியிருக்கும். அது சூடேறி, ஒயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையமான சீலின் உதட்டை அறுத்துவிடும். புது சீல் போட முன் பிரீதரை, அதாவது உள்ளே இருக்கும் காற்று வெளியேறும் சின்ன மூச்சுத்துளையை, கழுவுங்கள். அது சேற்றில் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி நல்ல சீலையும் தள்ளும். ஜக்கில் தூக்கி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பெயாரிங் போய்விட்டது, சீல் மட்டும் மாற்றுவது வீண். ஒயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, முழுக்க வடித்துவிட்டுப் புது ஒயில் விடுங்கள். ஜக்கை மட்டும் நம்பாமல் அக்சிலுக்குக் கீழே தடித்த மரக்குற்றி வையுங்கள்.

குச்சவெளி வெங்காயம்:
நன்றி அண்ணன். கழற்றிப் பார்த்தேன். தட்டு வெளிப்பக்கம் தள்ளித்தான் இருக்கிறது, பள்ளமும் இரண்டு பக்கமும் உண்டு. அக்சிலில் வெங்காயப் பை நூல் கயிறாகவே முறுகிக் கிடந்தது, கத்தியால் வெட்டித்தான் எடுத்தேன். சில்லில் ஆட்டம் இல்லை. சீல் தேடுகிறேன், பழையதில் எழுத்து அழிந்துவிட்டது.

கிண்ணியா பட்டறை:
எழுத்து தேவையில்லை. உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு மூன்றையும் மில்லிமீற்றரில் அளந்துகொண்டு பெயாரிங் கடைக்குப் போங்கள். உள்விட்டத்தைச் சீலில் அளக்க வேண்டாம், தேய்ந்திருக்கும், அக்சிலில் அளந்துகொள்ளுங்கள். சீல் ஓடும் இடத்தில் நகத்தை இழுத்துப் பாருங்கள். பள்ளம் தட்டினால் புது சீலும் கசியும், புது சீலை அந்தப் பள்ளத்தில் இருந்து 2 மில்லிமீற்றர் தள்ளி உட்காரவைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.