குதிரைக் கவசத்தின் உறுப்புகளுக்குத் தமிழ்ச் சொற்கள்

> மொத்தக் கவசத்துக்குப் 'பக்கரை', தலைப்பகுதியான ஷாஃப்ரனுக்கு 'முகக்கவசம்' என வைக்கலாமா?

வணக்கம் ஐயா. இரண்டிலும் எனக்குத் தயக்கம் உண்டு. முகக்கவசம் என்றதும் 2020-க்குப் பிறகு மூக்கையும் வாயையும் மூடும் துணிதான் எவருக்கும் நினைவில் வரும். பக்கரை அழகான சொல். பிராகிருதத்தில் 'பக்கர' குதிரைக் கவசத்தையே குறிக்கும். ஆனால் தமிழில் பொருள் நகர்ந்துவிட்டது; திருப்புகழின் 'பக்கரை விசித்ரமணி'யில் வரும் பக்கரைக்கு அங்கவடி (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) என்றே பொருள் சொல்கிறார்கள். மொத்தத்துக்குப் 'பரிக்கவசம்' போதும்.

உறுப்புப் பெயர்களைத் 'தகடு' என்று முடிக்கவும் வேண்டாம். இதே உறுப்புகளை இறுகப் பதப்படுத்திய தோலிலும் செய்தார்கள். 'காப்பு' எந்தப் பொருளுக்கும் பொருந்தும்: முகக்காப்பு, பிடரிக்காப்பு (கிரினெட்), மார்புக்காப்பு (பெய்ட்ரல்), விலாக்காப்பு (ஃப்ளாஞ்சர்ட்), பின்காப்பு (க்ரப்பர்).

---

> பிடரிக்காப்பு, மார்புக்காப்பு

'காப்பு' வரிசையை முழுமனதோடு ஏற்கிறேன். கால்களுக்கும் அது நீளும்: ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் கொல்லர் லோரென்ஸ் ஹெல்ம்ஷ்மீட் 1480 வாக்கில், பின்னாளில் பேரரசரான மாக்ஸிமிலியனின் குதிரைக்குக் கால்காப்புகூடச் செய்தார். ஆனால் இந்த இரண்டு சொற்களையும் மாற்ற வேண்டும்.

கிரினெட் பெரும்பாலும் பிடரியின் மேற்புறத்தை மட்டும் மூடும். கீழே வளையப் பின்னல் (இரும்பு வளையங்களைக் கோத்த வலை) தொங்கும், அல்லது வார் கட்டியிருக்கும். கழுத்தைச் சுற்றி முழுதும் மூடியவையும் உண்டு. அவற்றைப் பிடரிக்காப்பு என்றால் தவறாகும். எனவே பொதுச்சொல் 'கழுத்துக்காப்பு'. மேற்புறம் மட்டும் மூடுவது 'அரைக் கழுத்துக்காப்பு'. முகக்காப்புக்கும் இதே வழி: மூக்குத்துளை வரை இறங்காதது 'அரை முகக்காப்பு'.

கழுத்துக்காப்பில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் குறுக்குத் துண்டுகளைச் செதில் என்று எழுதக்கூடாது. செதில் கவசம் வேறொரு வகை. 'பட்டை' சரி. பட்டைகளை உட்புறத் தோல்வாரும் தளர்வான தறையாணிகளும் பிணைக்கின்றன. ஆணியை இறுக்கி அடித்தால் குதிரையால் தலையைத் தாழ்த்த முடியாது. முதலில் மக்குவது தோல்தான். அது அறுந்தால் பட்டைகள் இடைவெளி விட்டுத் தொங்கும். பழுது பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியும்படி சொல் இருக்கவேண்டும்.

மார்புக்காப்பு, வீரனின் மார்புக் கவசத்தோடு மோதும். லண்டனின் வாலஸ் தொகுப்பு அருங்காட்சியகத்தில், ஜெர்மனியின் லண்ட்ஷூட்டில் 1480 வாக்கில் செய்த கவசத்தில் ஆளும் குதிரையும் சேர்ந்தே நிற்கின்றன. ஒரே குறிப்பில் இரண்டு மார்பு வந்தால் படிப்பவர் திணறுவார். மேலும் பெய்ட்ரல் மார்போடு நிற்பதில்லை. இரு தோள்களையும் சுற்றிவரும். கால் வீசும்போது இடிக்காமலிருக்கக் கீழ்விளிம்பு வெளிநோக்கி விரியும். 'முன்காப்பு' என்றால் பின்காப்புக்கு இணையாகவும் அமையும்.

---

முன்காப்பு நன்று, ஏற்கிறேன். இன்னும் மூன்று:

க்ரப்பர் என்பது வாலடியில் ஓடும் சேண வாருக்கும் பெயர். கவசம் பின்காப்பு, வார் 'வால்வார்' என்று பிரித்துவிடுவோம். இங்கிலாந்தின் லீட்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள பர்கண்டிப் பரிக்கவசத்தை (1510 வாக்கில், மாக்ஸிமிலியன் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றிக்கு அளித்தது) விவரிக்கும்போது இது உடனே தேவைப்படும்.

ஜெர்மானிய ஈட்டிப் போட்டிகளில் எதிர்வரும் குதிரையைக் கண்டு மிரளாதபடி கண்ணையும் மூடிய முகக்காப்பைப் பூட்டினார்கள். அதைக் 'குருட்டு' என்று சொல்லாமல் 'கண்மறை முகக்காப்பு' என்போம்.

விலாக்காப்பு சேணத்திலிருந்து தொங்குவது. வீரனின் குதிமுள் (குதிரையைத் தூண்டக் குதிகாலில் கட்டும் முள்) குதிரையின் விலாவைத் தொடவேண்டும் என்பதால் அதன் கீழ்விளிம்பை வளைவாக வெட்டியிருப்பார்கள். அந்த வளைவுக்குக் 'குதிமுள் வெட்டு' என்று எழுதியிருக்கிறேன். மாற்றுச் சொல் இருந்தால் தெரிவியுங்கள்.