தாடை எலும்பைச் சொந்த உயிரணுக்களிலிருந்து வளர்ப்பது குறித்து உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் வசிக்கும் என் அம்மாவுக்கு மேல்தாடைக் கடைவாய்ப் பற்கள் விழுந்து பல ஆண்டுகளாகிவிட்டதால், அவ்விடத்து எலும்பு கரைந்து, செயற்கைப் பல்லைப் பொருத்தும் இம்ப்ளாண்ட் திருகைத் தாங்கும் உயரம் இல்லை என்று பல் மருத்துவர் கூறிவிட்டார். மாட்டெலும்பிலிருந்து தயாரிக்கும் துகளை நிரப்பலாம் என்றார். சுத்த சைவமான அம்மா அதைக் காதில் வாங்கவே மறுக்கிறார். இடுப்பெலும்பிலிருந்து வெட்டியெடுப்பதோ, 69 வயதில் வேண்டாத வேதனை என்று எனக்கே தோன்றுகிறது.

எலும்பை மூடியிருக்கும் உறையிலிருந்து சிறு துணுக்கை எடுத்து, அதன் உயிரணுக்களை ஆய்வகத்தில் சில வாரங்கள் பெருக்கி, உயிரணுக்கள் பற்றி வளர்வதற்கான ஒரு தாங்கியில் பதித்து, மேல்தாடைக் காற்றறையின் (சைனஸ்) அடியில் வைக்கும் முறையை ஜெர்மனியின் பிரைபர்க் மருத்துவர்கள் 2000களின் தொடக்கத்திலேயே நோயாளிகளுக்குச் செய்திருக்கிறார்கள். (விளம்பரங்களில் வரும் ‘ஸ்டெம் செல்’ ஊசியைப் பற்றி நான் கேட்கவில்லை.) மலாயாப் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் புலத்திலோ பினாங்கிலோ இது சிகிச்சையாகவோ ஆய்வாகவோ நடக்கிறதா, யாரை அணுகுவது என்று அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். மாட்டெலும்புத் துகளுக்குப் பதிலாகச் செயற்கைக் கால்சியம் பாஸ்பேட் துகளை வைத்துக்கொண்டவர்கள் இருந்தால், எத்தனை மாதம் காத்திருந்தீர்கள், எத்தனை ரிங்கிட் செலவானது என்பதையும் எழுதுங்கள்.