மலையில ஜீப் ஓட்டுனவன் மணலைத் தனியாப் படிக்கணுமா?

போடிக்காரன் (ஷார்ஜா):
சூரியநெல்லியில இருந்து கொழுக்குமலைக்கு 6 வருஷம் ஜீப் ஓட்டுனவன் நான். இங்க வந்து ஒரு வருஷம் ஆச்சு, போன மாசம் ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் வாங்கினேன். வெள்ளிக்கிழமை அல் பதாயர் மணல்மேட்டுக்குப் போறேன்னு சொன்னா, ரூம்ல எல்லாரும் "தனியா இறங்காதே, மணல் வேற"ன்னு தடுக்கிறாங்க. கொழுக்குமலையில பாதைன்னு ஒண்ணு கிடையாது, பாறையும் குழியும்தான். விடியுறதுக்கு முன்ன, இருட்டுல, ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். அதுல ஆளேத்திப் போய் சூரிய உதயம் காட்டி இறக்கியிருக்கேன். கியர் தெரிஞ்சவனுக்கு எந்தத் தரையா இருந்தா என்ன?

மணல்மேடு (துபாய், 11 வருஷமா):
தம்பி, உங்க கை சுத்தம்னு நம்புறேன். ஆனா மலை சொல்லிக்கொடுத்த முதல் பாடமே இங்க உங்களைக் கவுத்துரும். மலையில எவ்வளவு மெதுவோ அவ்வளவு பத்திரம். மணல்ல மெதுவாப் போனா டயர் உள்ள இறங்கிரும், ஓட்டம் விடாமப் போகணும். ஆனா அதே வேகத்துல மேட்டு உச்சியைத் தாண்டவும் கூடாது. காத்து வர்ற பக்கம் மேடு சாய்வா, கெட்டியா இருக்கும். மறுபக்கம் மணல் சரிஞ்சு சரிஞ்சு 30 டிகிரிக்கு மேல செங்குத்தா, பொலபொலன்னு கிடக்கும். கீழ இருந்து பார்த்தா அது தெரியவே தெரியாது. உச்சி வரைக்கும் மிதிச்சா வண்டி மூக்குக் குத்தி விழும், முன்னாடியே காலெடுத்தா பாதியில உக்காந்துரும். அந்த அளவு காலுக்குப் பிடிபட நாளாகும்.

போடிக்காரன்:
பாதியில நின்னா என்ன? பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு, லோ கியர்ல கிளட்சை மெல்ல விட்டா அங்கிருந்தே ஏறிரும். எத்தனை தடவை பண்ணியிருக்கேன்!

மணல்மேடு:
பாறை டயரைப் பிடிக்கும் தம்பி, மணல் பிடிக்காது. நின்ன இடத்துல மிதிச்சா நாலு சக்கரமும் குழி தோண்டி, வண்டி வயித்துல உக்காந்துரும். ஏற முடியலன்னா உடனே ரிவர்ஸ், வந்த தடத்துலயே நேரா. ஸ்டீயரிங் ஒடிக்கவே கூடாது, குறுக்கால திரும்பின வண்டி உருளும்.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், நம்ம மாதிரி மலைப் பழக்கம் உள்ளவர்தான். இறங்கும்போது பின்பக்கம் லேசா இடது பக்கமா ஒதுங்குச்சு. நாம என்ன செய்வோம்? பிரேக்தானே. அவரும் மிதிச்சார். முன்டயர் முன்னால மணல் குவிஞ்சது, வண்டி குறுக்கால வந்தது, வலது பக்கச் சக்கரம் ரெண்டும் தரையை விட்டு எழும்புனதை நான் கீழ நின்னு பார்த்தேன். ஒரு நொடி அப்படியே நின்னுட்டு, மறுபடி உக்காந்துச்சு. அந்த இடத்துல ஆக்ஸிலேட்டரை லேசாத் தொட்டு, வண்டியை நேராக்கணும். இதை எழுதிப் படிச்சா வராது.

அபுதாபி மெக்கானிக்:
போடித் தம்பி பக்கமும் நியாயம் இருக்கு. லோ கியர்ல, இன்ஜின் பிடியில, மூக்கை நேரா வெச்சு இறங்குறது மலைக்கும் மணலுக்கும் பொதுதான். பெரிய இன்ஜினை நம்பி நேரா பாலைவனத்துல இறங்குறவங்களை விட இவர் தேவலாம். அபுதாபி பாலைவனத்துல லிவா பக்கம் 300 மீட்டர் உயர மொரீப் மணல்மேட்டுல ஏத்துறாங்களே, அது போட்டிக்குன்னே மாத்திக் கட்டுன வண்டி. அதைப் பார்த்துட்டு ஷோரூம் வண்டியை விரட்டக் கூடாது.

நமக்கு இன்ஜினை விட டயர்தான் முக்கியம். டயர்ல காத்தழுத்தத்தை 35 பிஎஸ்ஐ-யில இருந்து 15-க்கு இறக்குங்க, டயர் நீளவாக்குல படர்ந்து மணல் மேல மிதக்கும். 10-க்குக் கீழ போனா, திருப்பத்துல ரிம்மை விட்டுக் கழண்டுரும். டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைச்சிருங்க, இல்லன்னா சக்கரம் வழுக்குதுன்னு நினைச்சு, சரியா ஏறுற நேரத்துல அது இழுவையைக் குறைச்சிரும். திரும்பி வரும்போது காத்தடிக்காம தார் ரோட்டுல வேகம் எடுத்தா டயர் சூடேறி வெடிக்கும்.

தனியாப் போறதை மட்டும் நான் ஒத்துக்கவே மாட்டேன். வெயில் காலத்துல 45 டிகிரியில, சிக்னல் இல்லாத இடத்துல, வண்டி புதைஞ்சா யாரைக் கூப்பிடுவீங்க?

காஃப் நிழல்:
ஒண்ணை எல்லாரும் விட்டுட்டீங்க. எப்படி ஓட்டணும்னு பேசுறீங்க, எங்க ஓட்டக் கூடாதுன்னு பேசலையே? மேடுகளுக்கு நடுவுல இருக்கிற புதர்தான் மணலைப் பிடிச்சு வெச்சிருக்கு, ஒட்டகம் அதைத்தான் மேயுது. டயர் ஒருதடவை ஏறுனா அந்தச் செடி எழுந்திரிக்க எத்தனை மழை வேணும்? காஃப் இந்த நாட்டோட தேசிய மரம். அதோட அடியில வண்டியை ஒட்டி நிறுத்தாதீங்க.

மணல்மேடு:
இதுல மறுபேச்சு இல்லைங்க. எங்க குழு வெறும் மணல்ல மட்டும்தான் போகும், பச்சையைக் கண்டா சுத்திப் போயிருவோம்.

போடிக்காரன்:
அண்ணே, இறங்குற விஷயத்துல நான் சொன்னதுதான் சரின்னு இன்னமும் நினைக்கிறேன். ஆனா வண்டி ஒதுங்கும்போது ஆக்ஸிலேட்டர்னு சொன்னீங்க பாருங்க, என் கால் சத்தியமா பிரேக்குக்குத்தான் போயிருக்கும். ராத்திரி அதையே நினைச்சுட்டு இருந்தேன். வெள்ளிக்கிழமை உங்க பின்னால வரலாமா? கம்ப்ரசர் இருக்கு, மண்வெட்டி இல்லை.

மணல்மேடு:
வாங்க. மண்வெட்டி என்கிட்ட ரெண்டு இருக்கு. வெயில் ஏறுனா மணல் இளகிரும், அதனால 6 மணிக்கே இறங்கணும். இழுவைக் கொக்கி முன்னும் பின்னும் சேஸிஸ்ல போட்டிருக்கான்னு இன்னிக்கே குனிஞ்சு பாருங்க. டிரெய்லர் மாட்டுற உருண்டையில நான் கயிறு கட்ட விட மாட்டேன், அது பிச்சுக்கிட்டு வந்தா ஆள் உயிரை எடுத்துரும்.