நான்கு வயது மகளுக்கு ஏற்ற கொசுவிரட்டி: தேன்மெழுகின் அளவு தேவை

வரும் ஞாயிறன்று குடும்பத்துடன் திற்பரப்பு அருவிக்கும் பேச்சிப்பாறை அணைக்கும் செல்கிறோம். வழியெங்கும் ரப்பர் தோட்டங்கள், பால் வடியும் சிரட்டைகளில் மழைநீர் தேங்கும் காலம் என்பதால் கொசுக்கடி கடுமையாக இருக்கிறது. சென்ற மாதம் 100 மில்லி தேங்காய் எண்ணெயில் 10 மில்லி வேப்பெண்ணெய் கலந்து பூசியபோது, நான்கு வயது மகளின் கழுத்தில் கடுகளவு சிவந்த தடிப்புகள் எழுந்தன. வேப்பெண்ணெயைத் தவிர்த்து 20 துளி புல்தைலம் (எலுமிச்சைப்புல் எண்ணெய்) சேர்த்தேன். தடிப்பு வரவில்லை, ஆனால் அரை மணி நேரத்திலேயே மணம் பறந்து, கணுக்காலில் கொசுக்கள் மொய்த்தன. நொச்சியிலை காய்ச்சிய நீரோ எண்ணெயோடு சேராமல் அடியில் தங்கிவிட்டது. துளிகளைக் கூட்டுவதற்கு மகளின் தோலை நினைத்து அஞ்சுகிறேன். மார்த்தாண்டத்தில் தேன்மெழுகு வாங்கி வைத்திருக்கிறேன்.

புல்தைலம் விரைவில் ஆவியாகாமல் களிம்பாக நிற்க, 100 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு எத்தனை கிராம் தேன்மெழுகு சேர்க்க வேண்டும்?