கலைச்சொல் வேண்டும்: 'வித் மீ' என்பதில் வரும் 'மீ'க்கு என்ன பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு,

தமிழ்வழி மாணவர்களுக்கான ஆங்கில இலக்கணக் கையேட்டில் முன்னிடைச்சொல் (வித், டு, ஃப்ரம் போன்ற 'பிரிபொசிஷன்') பற்றிய பாடம் என் பங்குக்கு வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல் கிடைக்காமல் நிற்கிறேன்.

ஐ, ஹீ, ஷீ, வீ, தே, ஹூ ஆகிய பெயர்கள் முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால் வந்தால் மீ, ஹிம், ஹெர், அஸ், தெம், ஹூம் என்று மாறுகின்றன. யூ, இட் இரண்டும் மாறுவதில்லை. மாறிய வடிவத்தைப் பழைய பதிப்பு 'செயப்படுபொருள் வடிவம்' என்கிறது. 'ஹீ சா மீ' என்ற வாக்கியத்துக்கு அது பொருந்தும். 'கம் வித் மீ' என்பதில் நான் எந்த வினைக்குச் செயப்படுபொருள்? கெட்டிக்கார மாணவர் யாராவது இதைக் கேட்டால் ஆசிரியரிடம் பதில் இருக்காது.

பெயர் சரியாக அமைந்தால் ஒரு பிழையையும் அது தடுக்கும். 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்று படித்தவர்களே பேசுகிறார்கள். நடுவில் 'யூ அண்ட்' வந்துவிட்டதால், 'பிட்வீன்' என்பதன் பிடி அடுத்த பெயர் வரை போகிறது என்பது மறந்துவிடுகிறது. உங்கள் பரிந்துரைகளை அனுப்புங்கள்.

* * *

வணக்கம். இதில் என்ன சிக்கல்? 'மீ' என்றால் 'என்னை'. 'இரண்டாம் வேற்றுமை வடிவம்' என்று போட்டு முடியுங்கள். எல்லோருக்கும் தெரிந்த பெயர்.

* * *

அன்பரே, அப்படி முடித்துவிட முடியாது. 'வித் மீ' என்னோடு, மூன்றாவது. 'டு மீ' எனக்கு, நான்காவது. 'ஃப்ரம் மீ' என்னிடமிருந்து, ஐந்தாவது. 'இன் மீ' என்னில், ஏழாவது. 'ஐ ஒடு கு இன் அது கண்' என்று தொல்காப்பியர் அடுக்கிய உருபுகளில் பெரும்பாலானவற்றின் வேலையை ஆங்கிலத்தில் முன்னிடைச்சொற்கள் செய்கின்றன. 'மீ' எல்லா இடத்திலும் ஒன்றேதான். அதன்மேல் 'இரண்டாம்' என்ற முத்திரையைக் குத்தினால் மாணவர் 'டு மீ' என்பதை 'என்னைக்கு' என்று புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

'மீ'க்குச் சரியான இணை 'என்னை' அன்று, 'என்'. நன்னூல் உருபு புணரியலில் 'தான் தாம் நாம் முதல் குறுகும்' என்று தொடங்கும் நூற்பா இதைத்தான் பேசுகிறது. தான் என்பது தன் ஆகும், யான் என்பது என் ஆகும், நீ என்பது நின் ஆகும். அந்த அடியின்மேல்தான் உருபு ஏறும். நமக்கு உருபு பின்னால், அவர்களுக்கு முன்னால். வேறுபாடு அவ்வளவே. ஆகவே 'உருபேற்கும் வடிவம்' என்பது என் பரிந்துரை. 'முன்னிடைச்சொல்' என்பதையும் 'முன்னுருபு' என்று மாற்றிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று விளக்கும்.

வரலாறும் 'இரண்டாம்' என்பதற்கு எதிராகவே இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'அவனை' என்பதற்கு 'ஹினெ' என்ற தனிச்சொல் இருந்தது. 'ஹிம்' என்பது 'அவனுக்கு'. பிற்காலத்தில் 'ஹினெ' வழக்கொழிந்து 'ஹிம்' இரண்டு வேலையையும் ஏற்றுக்கொண்டது. ஹெர், ஹூம் ஆகியவையும் நான்காம் வேற்றுமையின் வழிவந்தவை. 'தெம்' ஸ்காண்டிநேவியர்களின் பழைய மொழியான நார்ஸின் நான்காம் வேற்றுமையிலிருந்து வந்தது. பேச்சில் கேட்கும் 'எம்' அதன் சிதைவு அன்று. 'ஹெம்' என்ற பழைய ஆங்கிலச் சொல்லின் எச்சம். 'மீதிங்க்ஸ்' என்று பழைய நாடகங்களில் வருகிறதே, அதில் உள்ள 'மீ'யும் நான்காவதுதான். 'எனக்குத் தோன்றுகிறது' என்று நாம் சொல்லும் அதே அமைப்பு!

சொல்லத் தொடங்கியதால் இன்னொன்றும். லத்தீனில் 'கும்' என்றால் 'உடன்'. முன்னால் வர வேண்டிய அது, தன்மை, முன்னிலை போன்ற சில பெயர்களோடு மட்டும் பின்னால் போய், தன்மையில் 'மேகும்', அதாவது 'என்னுடன்', என்று ஒட்டிக்கொள்ளும். முன்னிலைக்கு 'தேகும்'. ஸ்பானிய மொழிக்கு வந்தபோது அந்த ஒட்டு தேய்ந்து பொருள் மறைந்தது. அதனால் முன்னால் இன்னொரு முறை 'கொன்' சேர்த்து 'கொன்மிகோ' என்றார்கள். ஒரு சொல்லுக்குள் 'உடன்' இரண்டு முறை. நாம் 'என்னோடுகூட' என்பது போல.

* * *

லத்தீன் வந்துவிட்டதால் ஐரிஷ் மொழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே முன்னிடைச்சொல்லும் பெயரும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிடும். 'அகம்' என்றால் 'என்னிடம்', 'அகத்' என்றால் 'உன்னிடம்'. 'வைத்திருக்கிறேன்' என்பதற்குத் தனி வினை கிடையாது. 'என்னிடம் புத்தகம் இருக்கிறது' என்று நம்மைப் போலவே சொல்வார்கள். தொல்காப்பியத்தில் ஏழாம் வேற்றுமைக்கு 'கண் கால் புறம் அகம் உள்' என்று வரும் பட்டியலில் இருக்கும் 'அகம்' இதுவேதானோ? ஆராய வேண்டும்.

* * *

ஆராய ஒன்றும் இல்லை, நண்பரே. ஐரிஷ் 'அகம்' என்பதில் கடைசி 'ம்' தன்மையைக் காட்டும் ஈறு. அதனால்தான் முன்னிலைக்கு அது 'அகத்' ஆகிறது. நம் 'அகம்' அப்படி ஆளுக்கு ஆள் மாறாது. ஒலி ஒத்துப்போனது தற்செயல். கேட்ட கேள்விக்குத் திரும்புவோம்.

வகுப்பில் நிற்பவளாகச் சொல்கிறேன். 'முன்னிடைச்சொல்' ஆசிரியர்கள் வாயில் ஏற்கெனவே புழங்குகிறது. அதைத் தொடாதீர்கள். 'உருபேற்கும் வடிவம்' தமிழுக்கு மிக அழகாகப் பொருந்தும், ஆங்கிலத்தில் நிற்காது. கதவைத் தட்டியவரிடம் 'யார்?' என்று கேட்டால் 'மீ' என்கிறார். 'இட்ஸ் மீ' என்கிறார். அங்கே எந்த உருபும் இல்லை. தமிழில் யாரும் 'என்' என்று பதில் சொல்ல மாட்டார்கள், 'நான்' என்பார்கள். இரண்டு மொழிகளும் பிரியும் இடம் இது.

இன்னொன்று. தமிழ் 'என்' உடைமைக்கும் வரும், 'என் வீடு' என்கிறோம். ஆங்கிலம் அதற்கு 'மை' என்று தனியாக வைத்திருக்கிறது. 'மீ என்றால் என்' என்று கற்றுக்கொடுத்தால் சில பிள்ளைகள் 'வித் மை' என்று எழுதிவிடுவார்கள்.

என் பரிந்துரை 'எழுவாயல்லா வடிவம்'. கேட்டதும் விளங்கும். 'பிட்வீன்' என்பதற்குப் பின்னால் எழுவாய் வராது, ஆகவே 'ஐ' வராது. விதி முடிந்தது.

* * *

அம்மா, 'மை', 'ஹிஸ்' கூட எழுவாய் அல்லவே! உங்கள் பெயருக்குள் அவையும் வந்துவிடுகின்றன. தவிர, ஒன்றை 'இது அதுவல்ல' என்று பெயரிடுவது இலக்கணத்துக்கு அழகில்லை.

* * *

இடையில் ஒரு வேண்டுகோள். எந்தப் பெயர் வைத்தாலும் 'ஹூம்' பற்றி ஒரு பத்தி எழுதுங்கள். பேச்சில் 'ஹூ ஆர் யூ டாக்கிங் டு?' என்பதுதான் இயல்பு. முன்னிடைச்சொல் கடைசியில் தனித்து நின்றால் 'ஹூ' போதும். அதை முன்னால் கொண்டுவந்தால் 'டு ஹூம்' ஆகிவிடும். 'டு ஹூ' என்று யாரும் எழுதமாட்டார்கள். கடைசியில் வைப்பது தவறு என்ற எண்ணத்தைப் பரப்பியதில் ஆங்கிலக் கவிஞர் டிரைடனுக்குப் பங்கு உண்டு. 1672-ல் அவர் நாடக ஆசிரியர் பென் ஜான்சனின் ஒரு வரியை இதற்காகவே குறை சொன்னார். ஆனால் 1762-ல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லவுத், முன்னால் வைப்பதே நேர்த்தி என்று கருதினாலும், கடைசியில் வைப்பது அந்த மொழிக்கு இயல்பான போக்கு என்று ஒப்புக்கொண்டார். இதைத் தவறென்று பிள்ளைகளை அடிக்க வேண்டாம். 'பிட்வீன் யூ அண்ட் ஐ' கூட ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில், அன்டோனியோவின் கடிதத்தில் வருகிறது. தேர்வில் அப்படி எழுதக் கூடாது என்று சொல்லுங்கள், சரி. ஆங்கிலமே இல்லை என்று சொல்லாதீர்கள்.

'பிக் இட் அப்', 'லுக் ஆஃப்டர் ஹிம்' வேறுபாட்டையும் விட்டுவிடாதீர்கள். 'பிக் அப் இட்' வராது, 'லுக் ஹிம் ஆஃப்டர்' வராது. பெயர் எங்கே உட்காருகிறது என்பதை வைத்தே 'அப்' முன்னிடைச்சொல்லா, வினையோடு சேர்ந்த துணையா என்று கண்டுபிடிக்கலாம். அந்தத் துணைக்கு என்ன பெயர் என்பது தனி விவாதம்.

* * *

அனைவருக்கும் நன்றி. நாளை கோப்பை அனுப்ப வேண்டும். தனி மடல்களையும் சேர்த்துப் பார்த்தால் 'திரிபு வடிவம்' என்பதற்கு ஆதரவு கூடுதல். வேற்றுமைக்கு எண் போடவில்லை, உருபு இருக்கிறதா என்ற கேள்வி எழவில்லை, சொல்லும் சிறியது. யூ, இட் திரியாமல் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். தமிழிலும் நான் 'என்' ஆகிறது, அவன் 'அவன்' ஆகவே இருந்து உருபை ஏற்கிறது. அதே ஒப்புமையை அடிக்குறிப்பில் தருகிறேன். 'முன்னிடைச்சொல்' அப்படியே இருக்கும்.

* * *

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். என் மறுப்பு மட்டும் பதிவில் இருக்கட்டும். தோன்றல், திரிதல், கெடுதல் என்று புணர்ச்சியில் படித்த பிள்ளைக்குத் 'திரிபு' என்றதும் 'பொன் + குடம் = பொற்குடம்' தான் நினைவுக்கு வரும். 'ஐ' எந்த விதியால் 'மீ' ஆனது என்று தேடும். அப்படி ஒரு விதி கிடையாது, இரண்டும் வெவ்வேறு வேர்ச்சொற்கள். அடுத்த பதிப்புக்கு முன் 'உருபேற்கும் வடிவம்' மறுபடி பேசப்பட வேண்டும். 'இட்ஸ் மீ' ஒன்றை விதிவிலக்காக வைத்துக்கொண்டால் போயிற்று.

இப்போதைக்கு ஒரு திருத்தம்: அட்டவணையில் யூ, இட் இரண்டுக்கும் இரு பக்கமும் ஒரே சொல்லை முழுதாக அச்சிடுங்கள். கோடு போட்டு விட்டால், அங்கே வடிவமே இல்லை என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள்.