உதவி: புது மடக்குக் கத்தியில் பிளேடு ஆடுகிறது, இறுக்கினால் திறக்கவே மாட்டேன் என்கிறது

கத்திப்புதுசு:
அவசரம். மடக்குக் கத்தி வாங்கி இரண்டு வாரம்தான் ஆகிறது. திறந்து பிடித்தால் பிளேடு ஆடுகிறது. திருகை இறுக்கினால் ஆட்டம் போகிறது, ஆனால் பிளேடும் நகர மாட்டேன் என்கிறது. தளர்த்தினால் மறுபடி ஆட்டம். நாளை மறுநாள் மலையேற்றம், யாராவது சொல்லுங்களேன்.

சாணைக்கல்:
எந்தத் திருகு? கத்தியில் நாலைந்து இருக்குமே. ஆட்டம் இடவலமா, மேல்கீழா? திறந்த பிளேடு மடங்காமல் பிடிக்கிற லாக் என்ன வகை?

எண்ணெய்க்குப்பி:
ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்கள்.

கத்திப்புதுசு:
பிளேடு சுழலும் இடத்துத் திருகுதான், வேறென்ன. எண்ணெய் நேற்றே விட்டாச்சு. லாக் என்றால், கட்டைவிரலால் தள்ளி மடக்குவோமே, அது.

பழங்கை:
"அது" என்று ஒரு லாக் இல்லை தம்பி. கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு வளைந்து வந்து பிளேடின் அடியில் முட்டினால் லைனர் லாக். கைப்பிடியின் ஒரு பக்கமே பிளந்து அந்த வேலையைச் செய்தால் ஃபிரேம் லாக். இரண்டையும் கட்டைவிரலால்தான் தள்ளுவார்கள். இதைப் பத்துத் தடவையாவது எழுதியிருப்பேன். வாங்கும் முன் கொஞ்சம் தேடிப் படித்திருக்கலாம்.

சுருள்வில்:
லாக்கைத் தள்ளிப் பிடிக்கிற சின்னக் கம்பி, ஓமேகா ஸ்பிரிங், உடைந்திருக்கும். எனக்கும் இப்படித்தான் ஆனது.

சாணைக்கல்:
அந்த ஸ்பிரிங் குறுக்குக்கம்பி லாக்கில் வருவது. அவர் சொல்வது அதில்லை.

சுருள்வில்:
அவர்தான் என்ன லாக் என்றே சொல்லவில்லையே!

மரச்செதுக்கன்:
இதற்குத்தான் லாக்கே இல்லாத கத்தி வாங்கச் சொல்கிறேன். ஒபினெல் என்கிற பிரெஞ்சு மடக்குக் கத்தி 1890-இல் வந்தது, அதன் பூட்டு வளையம் 1955-இல்தான் வந்தது. இடையில் 65 வருடம் மக்கள் வெட்டாமலா இருந்தார்கள்?

பழங்கை:
வெட்டினார்கள். எதையெல்லாம் வெட்டிக்கொண்டார்கள் என்றுதான் யாரும் எண்ணவில்லை. முனையால் குத்தும்போது லாக் இல்லாத கத்தி விரல்மேல் மடங்கும். 1980-களில் கத்தி செய்கிற மைக்கேல் வாக்கர் லைனர் லாக்கை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தது பொழுதுபோகாமல் இல்லை.

மரச்செதுக்கன்:
கத்தியால் ஏன் குத்த வேண்டும்? அறுக்கத்தானே கத்தி.

சாணைக்கல்:
நீங்கள் இருவரும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். கத்திப்புதுசு, மேல்கீழ் ஆட்டம் என்றால் லாக்கைச் சந்தேகப்படலாம். இடவலம் என்றால் அச்சுப் பக்கம். மூடி வைத்தால் பிளேடு நடுவில் நிற்கிறதா?

கத்திப்புதுசு:
இடவலம்தான். மூடினால் இடது தகட்டை உரசுகிறது. வாங்கியபோது சரியாக நடுவில்தான் நின்றது. கழற்றித் துடைத்த பிறகுதான் இப்படி.

சாணைக்கல்:
கழற்றினீர்களா?!

கத்திப்புதுசு:
ஆமாம், போன ஞாயிறு. சொல்லவில்லையா?

சாணைக்கல்:
இல்லை. சரி, மறுபடி கழற்றுங்கள். பிளேடின் இரு பக்கமும் ஒவ்வொரு வாஷர் இருக்க வேண்டும், காகிதம்போல மெல்லிசு. எண்ணெய்ப் பசையில் துணியோடு ஒட்டிக்கொண்டு போய்விடும், கண்ணுக்கே தெரியாது. ஒன்று குறைந்தால் பிளேடு அந்தப் பக்கம் சாயும், இறுக்கினால் தகட்டிலேயே உராய்ந்து நின்றுவிடும். மாட்டும்போது திருகை ஒரேயடியாக இறுக்காதீர்கள். அரைக்கால் சுற்று, திறந்து மூடிப் பார்ப்பது, மறுபடி அரைக்கால் சுற்று. அப்புறமும் தளர்ந்தால் திருகு மரையில், அது தளராமல் பிடிக்கிற நீல நிறப் பசை துளியூண்டு. சிவப்பு வேண்டவே வேண்டாம், சூடு காட்டாமல் பிறகு கழற்ற முடியாது.

எண்ணெய்க்குப்பி:
வாஷருக்குப் பதில் பால் பேரிங் இருந்தால்? சுண்டினால் திறக்கும், சுகமாக இருக்கும்.

பழங்கை:
மணல் புகும்வரை சுகம். வெளியில் கொண்டுபோகிற கத்திக்கு வெண்கல வாஷர்தான். பேரிங் எல்லாம் சோபாவில் உட்கார்ந்து திறந்து மூடுகிறவர்களுக்கு.

எண்ணெய்க்குப்பி:
நான் சோபாவில் உட்கார்ந்துதான் திறந்து மூடுகிறேன். அதிலென்ன?

மரச்செதுக்கன்:
நகத்தால் திறக்கிற கத்தியில் இந்தப் பேச்சே வராது.

கத்திப்புதுசு:
துணியில்தான் ஒட்டியிருந்தது. மாட்டிவிட்டேன், ஆடவில்லை. நன்றி.

சுருள்வில்:
கடைசிவரை என்ன லாக் என்று சொல்லவே இல்லை.