ஹாலுக்கு ஐவரியா, ஆஃப் ஒயிட்டா?

கேள்வி:
ஹால் 16க்கு 12 அடி, உயரம் 10 அடி. வடக்கே ஒரே ஜன்னல். தரையில் ஐவரி டைல்ஸ், கதவு தேக்கு. பட்டி பார்த்து, பிரைமர் ஒரு கோட் முடிந்தது. ஷேடு கார்டில் ஐவரியும் ஆஃப் ஒயிட்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. எதை அடிக்கலாம்? எத்தனை லிட்டர் ஆகும்?

பதில் 1:
கார்டில் அப்படித்தான் தெரியும், நாலு சுவரிலும் ஏறினால் பிரிந்துவிடும். ஐவரியில் மஞ்சள் தூக்கல். ஆஃப் ஒயிட்டில் பெரும்பாலும் துளி கருப்பும் சேரும், அதனால் லேசாகச் சாம்பல் தட்டும். வடக்கு ஜன்னலில் வைகாசி முதல் ஆடி வரை தவிர நேர் வெயில் அதிகம் விழாது. வானத்து வெளிச்சம்தான், அது நீலம் கலந்தது. அதில் ஆஃப் ஒயிட் துவைக்காத வேட்டி மாதிரி மங்கிக் கிடக்கும். ஐவரியே அடிங்க.

பதில் 2:
டைல்ஸை மறந்துட்டீங்களே சார். ஐவரித் தரை தன் மஞ்சளைச் சுவரின் கீழ்ப்பாதியில் ஏற்றிவிடும். ராத்திரி 3000 கெல்வின் (மஞ்சள் வெளிச்சம்) பல்பும் எரிந்தால் ஹால் முழுக்க வெண்ணெய் நிறம்தான். 6500 கெல்வின் (வெள்ளை வெளிச்சம்) டியூப் என்றால் ஐவரி தாங்கும். ஆக, முதலில் விளக்கை முடிவு பண்ணுங்க.

பிறகு 2 அடிக்கு 2 அடி ஹார்ட்போர்டு இரண்டு எடுத்து, பிரைமர் அடித்து, ஆளுக்கொரு ஷேடு இரண்டு கோட் கொடுங்க. காய்ந்ததும் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், தரையை ஒட்டி நிறுத்திக் காலையிலும் இரவிலும் பாருங்க. நடுவில் ஒரு துணி தொங்கவிட்டு ஒவ்வொன்றாகப் பார்க்கணும். சுற்றிலும் பிரைமர் வெள்ளையாக இருப்பதால் எந்த ஷேடும் கொஞ்சம் கூடுதல் மஞ்சளாகத்தான் தெரியும், அதைக் கழித்துக்கொள்ளுங்க. சுவரிலேயே திட்டு அடித்துப் பார்க்காதீங்க, மேலே இரண்டு கோட் போட்டாலும் அதன் விளிம்பு தெரியும்.

பதில் 3:
அளவு: சுவர் 560 சதுர அடி, கதவு ஜன்னல் போக 500 வரும். எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 120 முதல் 140 சதுர அடி. 4 லிட்டர் டின் ஒன்று, 1 லிட்டர் ஒன்று வாங்குங்க.

கடையில் பெயர் சொல்லாதீங்க, ஷேடு கார்டில் இருக்கும் கோடு (code) நம்பர் சொல்லுங்க. ஒரு கம்பெனி ஐவரி இன்னொன்றில் கிரீமாக இருக்கும். இரண்டு டின்னையும் ஒரே நாளில், ஒரே மெஷினில் கலந்து வாங்கி, ஒரே பக்கெட்டில் ஊற்றிக் கலக்கிடுங்க. இவ்வளவு வெளிர் ஷேடில் டின்டர் (மெஷின் கலக்கும் நிறச் சாயம்) ஒரு துளி மாறினாலும் சுவர் நடுவே காட்டிக்கொடுக்கும். தண்ணீர் டின்னில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் வேண்டாம். பளபளப்பு ரகமும் வேண்டாம். ஒரே ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுவதால் பட்டியின் மேடு பள்ளம் அத்தனையும் தெரியும். மிச்சமாவதை டச்சப்புக்கு மூடி வையுங்க.